கூரைக்குக் கேட்ட கேதம்

இந்தப் பெட்டி உன் காலை இடிக்குதா தாயி? இரு, கொஞ்சம் உள்ள தள்ளிக்கிடுதேன். மேல தூக்கி வைக்கலாம்னா கண்டக்டர் முறைக்காரு. ஏரோபிளேன்ல வந்த பெட்டி, அதான் கைப்பிடியில சீட்டு ஒட்டித் தொங்குது. பிச்சுப் போட மனசு வரல. கோயில்பட்டியில எறங்கும்போது நாலு பேரு பாக்கட்டுமேன்னு விட்டுட்டேன்.

அமெரிக்காவுல இருந்துதான் வாரேன். மக அங்க ஹூஸ்டன்ல இருக்கா, சுடர்க்கொடின்னு பேரு. கப்பல்ல வேற போயிட்டு வந்தோம். கரீபியன் கடல்னு சொல்லுதாக, தண்ணி அப்படியே மயில்கழுத்து நெறம். நம்ம ஊரு கடல் மாதிரியா, தூத்துக்குடிக்குப் போனா கரி நெறம்ல. கப்பல்னா நீ தோணிய நினைச்சுக்கிடாத. நம்ம பஸ்ஸ்டாண்டு, மார்க்கெட்டு, கதிரேசன் கோயில் மலை எல்லாத்தையும் தூக்கி உள்ள வச்சுரலாம். அம்புட்டுப் பெருசு.

ஆனா நான் கப்பலப் பத்திச் சொல்ல வரல. கப்பல் ஏறுறதுக்கு முந்தி நடந்த கூத்தத்தான் சொல்லணும். சாத்தூர் வரைக்கும் நேரம் இருக்குல்ல. நீ சாத்தூர்ல பேங்க்ல இருக்கியா, நல்லது. சொந்த ஊரு தஞ்சாவூர்ப் பக்கமா? அப்ப உனக்குக் கேதம்னா தெரியாது. நீங்க துக்கம் விசாரிக்கதுன்னு சொல்லுவீக. நாங்க கேதம் கேக்கதும்போம்.

எனக்கு ஒரு சம்பந்தியம்மா. என் மகளோட மாமியார். ஆவுடையம்மான்னு பேரு, ஊரு கழுகுமலை. நான் யாரோடயும் சண்டைக்குப் போறவ இல்ல தாயி, எங்க தெருவுல யாரக் கேட்டாலும் சொல்லுவாக. எதிர்வீட்டுக்காரிய மட்டும் கேட்டுறாத, அவ பொய் சொல்லுவா. ஆவுடையம்மாவும் நானும் கல்யாணத்தப்ப எப்படி இருந்தோம் தெரியுமா. மதினி மதினின்னு நான் கூப்பிட, செண்பகம் செண்பகம்னு அவ கூப்பிட, ஒரே தட்டுல சாப்பிடாத குறைதான்.

ரெண்டு வருசத்துக்கு முன்னால அவ வீட்டுக்காரரு தவறிட்டாரு. நல்ல மனுசன். எங்க வீட்டுக்கு வந்தாகன்னா செருப்பக் கழட்டும்போதே, "செண்பகம், ஒரு கருப்பட்டிக் காப்பி" ன்னு சத்தம் குடுப்பாக. அப்பேர்ப்பட்ட அண்ணாச்சி செத்துப்போன சேதிய எனக்கு எப்படிச் சொன்னாங்கன்னு கேளு. வாட்சப்புல. கல்யாணத்துக்குன்னு ஒரு குரூப்பு ஆரம்பிச்சாகல்ல, அதுல. காலையில நான் எந்திரிச்சு, போனத் தொறந்தா, ரோசாப்பூவு, காலை வணக்கம், அதுக்குக் கீழ பிள்ளையாரு, காலை வணக்கம், அதுக்குக் கீழ "அப்பா தவறிவிட்டார்கள்", மாப்பிள்ளை போட்டது. அதுக்குக் கீழ யாரோ ஒருத்தன் கட்டவிரலத் தூக்கிக் காட்டிருக்கான்.

எங்க பக்கம் அப்படி வழக்கம் இல்ல. சாவுன்னா ஆள் வரணும். வாசல்ல நின்னு, உள்ள வராம, தண்ணி வாங்கிக் குடிக்காம, இன்னார் தவறிட்டாகன்னு சொல்லிட்டுப் போகணும். தூரத்துச் சொந்தத்துக்கே ஆள் விடுவாக. கழுகுமலையில இருந்து கோயில்பட்டிக்கு ஒரே பஸ்ஸுதான். மகளும் அமெரிக்காவுல இருந்து போன் போட்டு அழுதா. மக சொன்னது மக சொன்னது. சம்பந்தி வீட்ல இருந்து ஆள் வந்துச்சா, அதத்தான் கேக்கேன். வரல. நான் போகல. எங்க வீட்டு மனுசர மட்டும் அனுப்பி வச்சேன். ஆம்பளைக போயி பெஞ்சுல உக்காந்துட்டு வந்தா அது கேதமா? பொம்பளைக போயித் தோளப் புடிச்சு அழுதாத்தான் கேதம். அது எனக்கும் தெரியும். தெரிஞ்சுதான் போகல.

அன்னையில இருந்து பேச்சு இல்ல. நான் எதுக்குப் பேசணும் சொல்லு. முறைய மீறுனது அவுக.

இந்த வருசம் மக உண்டாயிருக்கா. தை மாசம் பிரசவம். அதுக்கு முந்தி வந்து பாத்துட்டுப் போங்கன்னு டிக்கெட் போட்டா. எனக்கும் போட்டா, ஆவுடையம்மாவுக்கும் போட்டா, ஒரே ஏரோபிளேன்ல, ஒருத்தருக்குத் தெரியாம ஒருத்தருக்கு. மதுரை ஏர்போர்ட்ல அவளப் பாத்ததும் எனக்குத் திக்குன்னு ஆயிருச்சு. அவளுக்கும்தான்.

அங்க போயும் பேசல. ஒரே வீட்ல இருக்கோம். "சுடரு, ரசத்துல உப்பு தூக்கலா இருக்குன்னு சொல்லு" ம்பா அவ. நான் பக்கத்துலதான் நிக்கேன். "சுடரு, உப்பு போட்டது நான் இல்ல, உங்க அத்தைதான்னு சொல்லு" ம்பேன் நான். மக ரெண்டு பக்கமும் தலையத் திருப்பித் திருப்பிப் பாப்பா. வயித்துப் பிள்ளைக்காரி, பாவம்தான். ஆனா அதுக்கு நான் என்ன செய்ய.

ஒருநா சாப்பாட்டு மேசையில மக தட்டத் தள்ளி வச்சுட்டா. "இங்க பாருங்க. அடுத்த வாரம் நாம கப்பல்ல போறோம். உங்க ரெண்டு பேருக்கும் ஒரே ரூம்பு. கப்பல் திரும்பி வந்து கரையில நிக்கதுக்குள்ள நீங்க பேசியாகணும். பேசலைன்னா பிரசவத்துக்கு ரெண்டு பேரும் வரவேண்டாம். நான் இங்கயே ஒரு ஆள் வச்சுப் பாத்துக்கிடுதேன்" ன்னா.

தலைப்பிரசவம். பெத்தவ நான் இல்லாம, எவளோ ஒரு வெள்ளைக்காரி வந்து பிள்ளையக் குளிப்பாட்டுறதா? உரை மருந்து யாரு உரசிக் குடுக்க? மாப்பிள்ளையப் பாத்தேன். அவுக பேரு வேலாயுதம், நல்ல பிள்ளை, பொண்டாட்டி சொன்னா சொன்னதுதான். தட்டையே பாத்துக்கிட்டு இருந்தாக. ஆவுடையம்மாவப் பாத்தேன். அவளும் என்னையப் பாத்தா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல மூஞ்சியத் திருப்பிக்கிட்டோம். முதல்ல நான் பேசமாட்டேன்னு அவளும் நினைச்சிருப்பா, நானும் நினைச்சேன்.

சரின்னு கப்பலுக்குக் கிளம்பிப் போனோம். கடற்கரையில ஒரு ஊரு, பேரு என் வாயில நுழையாது, மாப்பிள்ளை சொன்னா அழகா வரும். எனக்குப் பூப்போட்ட பெரிய தொப்பி ஒண்ணு வாங்கி மாட்டி விட்டிருந்தா மக. பட்டுச் சேலை, தலையில தொப்பி, கண்ணுல கறுப்புக் கண்ணாடி. காருல இருந்து வேடிக்கை பாத்துக்கிட்டே வாரேன், பாத்தா ஊரே சரியில்ல.

முந்துன மாசம் அங்க பெரிய புயல் அடிச்சிருக்கு. ஒரு வீட்டுக்கும் கூரை இல்ல தாயி. எல்லா வீட்டு மேலயும் நீலத் தார்ப்பாய் போத்திருக்கு. தெருவோரத்துல மெத்தை, சோபா, டீவி எல்லாம் குமிச்சுக் கெடக்கு. பிரிட்ஜு வரிசையா நிக்கி, கதவு தொறக்காம நாடாவச் சுத்தி ஒட்டிருக்காக. உள்ள அழுகிப்போன கறி இருக்குமாம். ஒரு படகு, நம்பமாட்ட, தெரு நடுவுல ஏறி உக்காந்திருக்கு. பனைமரம் மாதிரி மரமெல்லாம் கொண்டை இல்லாம நிக்கி.

அந்தத் தெரு வழியாத்தான் கப்பலுக்குப் போறவுக எல்லாம் போறாக. எங்கள மாதிரியே தொப்பி. கையில பழச்சாறு. குட்டைக் கால்சட்டை. பெட்டிய உருட்டிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டு, அழுகுன மெத்தையத் தாண்டித் தாண்டிப் போறாக. எழவு விழுந்த தெரு வழியா மாப்பிள்ளை ஊர்வலம் போற மாதிரி இருந்துச்சு எனக்கு. நம்ம ஊர்ல மேளத்தையாவது நிப்பாட்டுவாக.

கப்பல் வந்து நிக்கி. ஆனா ஏத்த மாட்டேங்காக. ஏறுற கட்டடத்துலயும் ஒரு பக்கம் புயல்ல போயிருச்சு, இருக்குற ஒத்த வாசல் வழியாத்தான் எல்லாரையும் விடணும், மத்தியானத்துக்கு மேல வாங்கன்னுட்டாக. மாப்பிள்ளை பெட்டிகளப் பாத்துக்கிட்டு வரிசையில நின்னாக. மக ஒரு நாற்காலியில உக்காந்துக்கிட்டு, "நீங்க ரெண்டு பேரும் இந்த நிழல்ல இருங்க, எங்கயும் போகாதீங்க" ன்னா.

எனக்கு இருப்புக்கொள்ளல. ஒரு ஊரே கேத வீடா கெடக்கு, வாசல் வழியா போறோம், என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்காமப் போறதா? முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. தொப்பியக் கழட்டி நாற்காலியில வச்சேன். கறுப்புக் கண்ணாடியக் கழட்டினேன். முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு நடந்தேன். பின்னால செருப்புச் சத்தம் கேக்குது. திரும்பாமலே தெரியும், ஆவுடையம்மா. என்னைய வேவு பாக்க வாரா. தொலைஞ்சு போயிருவேன்னு பயந்து வந்தேன்னு பொறகு சொன்னா. யாரு நம்புவா.

ரெண்டாவது சந்துல ஒரு வீடு. மேல நீலத் தார்ப்பாய். வாசப்படியில எங்க வயசுல ஒரு அம்மா உக்காந்திருக்கா. வெள்ளைக்காரி இல்ல, நம்ம நெறந்தான். மெக்சிகோப் பக்கத்துக்காரங்களாம், பேரு லூப்பே, அதெல்லாம் பொறகு தெரிஞ்சது. முந்துன நாள் மழையில தார்ப்பாய்க்குள்ள தண்ணி எறங்கிருக்கு. நனைஞ்ச போட்டாவ எல்லாம் கொடியில போட்டுத் துணிக்குக் கிளிப் மாட்டுற மாதிரி மாட்டி வச்சிருக்கா. பாத்ததும் என் மனசு என்னமோ மாதிரி ஆயிருச்சு. கல்யாணப் போட்டா, பிள்ளைக போட்டா, எல்லாத்துலயும் தண்ணி எறங்கி மூஞ்சி கரைஞ்சு போயிருக்கு.

நேரா போயி பக்கத்துல உக்காந்தேன். என்ன பேசன்னு தெரியல. அவ பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவளுக்குத் தெரியாது. கேதத்துக்கு எதுக்கு பாஷை? அவ தோளப் புடிச்சேன். அழ ஆரம்பிச்சேன். வாயத் தொறந்ததும் தானா வந்துருச்சு.

காத்துக்கும் கண்ணில்லையோ
கட்டிவச்ச கூரையிலே
ஓட்டுமேல ஓடெடுத்து
ஊரெல்லாம் வீசிருச்சோ
பெத்தபிள்ள படமெல்லாம்
பேரழிஞ்சு போயிருச்சோ

சிரிக்காத தாயி. உனக்குச் சிரிப்பா இருக்கும். அந்த அம்மாவும் முதல்ல பயந்துதான் போனா. கையிலிருந்த கிளிப்ப கீழ போட்டுட்டா. யாருடா இவ பட்டுச் சேலையில வந்து அழுதான்னு நினைச்சிருப்பா. கொஞ்ச நேரம் என்னையவே பாத்தா. ஒரு மாசமா அவ அழவே இல்ல போலுக்கு. அழுதா பாரு ஒரு அழுகை. என் தோள்ல மூஞ்சிய வச்சுக்கிட்டு, பட்டெல்லாம் நனைய நனைய அழுதா. கொடியில ஒரு ஆம்பளைப் படத்தக் காட்டி, வானத்தக் காட்டினா. புருசன் புயலுக்கு முந்தியே போயிட்டாரு, அவர் கையால கட்டுன கூரைன்னு பொறகு மக கேட்டுச் சொன்னா.

அப்பத்தான் ஆவுடையம்மா வந்தா. வாசல்ல நின்னவ அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு நின்னா. பொறகு வந்து எங்களுக்கு நடுவுல உக்காந்தா. நான் கூப்பிடல தாயி, அவளா வந்தா. அவளா வந்து ஒரு கைய லூப்பே தோள்ல போட்டா. ஒரு கைய என் தோள்ல போட்டா. மூணு பேரும் வட்டமா உக்காந்து தலையோட தலை முட்டி அழுதோம். நான் பாட்டெடுத்தேன், ஆவுடையம்மா கூட இழுத்தா. அவ நல்லா இழுப்பா, அத மறைக்கக் கூடாது. தெருவுல போன கப்பல்காரங்க ரெண்டு மூணு பேரு நின்னு போட்டோ எடுத்தாக. எடுத்துட்டுப் போகட்டும்.

அழுது முடிஞ்சதும் லூப்பே உள்ள போயி காப்பி கொண்டாந்தா. கேத வீட்ல நாங்க பச்சத்தண்ணி தொடமாட்டோம். வேணாம்னு கையக் காட்டினேன். எந்திரிச்சோம். கேத வீட்ல போயிட்டு வாரேன்னு சொல்லக் கூடாது. திரும்பி வாரேன்னா இன்னொரு சாவுக்கு வாரேன்னு அர்த்தமாயிரும். அதனால ஒரு வார்த்தை பேசாம, முகத்தப் பாக்காம, விறுவிறுன்னு நடந்துட்டோம். ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் நடந்தோம். அதுவரைக்கும் எல்லாம் முறைப்படி சரியாத்தான் போச்சு.

திரும்ப வந்து வரிசையில நின்னா, மக கத்துதா. எங்க போனீங்க, போலீஸ்ல சொல்லப் பாத்தேன்னு. அவ கத்தி முடிக்கல, அந்த லூப்பே ஓடி வாரா. கையில வெள்ளிக்காகிதத்துல சுத்துன பொட்டணம். மூச்சு வாங்குது. காவலாளி விடமாட்டேங்கான், அவ அவனத் திட்டுதா. எங்களப் பாத்ததும் இங்கிலீசுல என்னமோ படபடன்னு பேசினா. மக முகம் மாறிப்போச்சு.

"என்னலா சொல்லுதா" ன்னு மககிட்டக் கேட்டேன். லூப்பே சொன்னத அவ அப்படியே தமிழ்ல சொன்னா.

"எங்க வீட்டுக் கூரைக்காக யாரும் இப்படி அழமாட்டாங்க. உங்க அம்மா ரெண்டு பேரும் சொல்லாமக் கொள்ளாம, ஒரு வாய் காப்பி குடிக்காமப் போயிட்டாங்க. அவங்க வீட்லதான் யாரோ செத்துப்போயிருக்காங்க. எனக்கு மனசு கேக்கல, ஓடி வந்தேன். யாரு செத்தாங்கன்னு கேக்காங்கம்மா."

நான் எதையாவது சொல்லிச் சமாளிச்சிருப்பேன். அதுக்குள்ள ஆவுடையம்மா மகளப் பாத்து, "என் வீட்டுக்காரருன்னு சொல்லும்மா" ன்னா.

மக சொன்னா. சொல்லி முடிக்கல, லூப்பே பொட்டணத்தக் கீழ வச்சுட்டு, ஆவுடையம்மாவ அப்படியே சேத்துக் கட்டிக்கிட்டா. முதுகத் தடவினா. நெத்தியில முத்தம் குடுத்தா. அவுக பேரு என்ன, என்ன உடம்புக்குன்னு ஒவ்வொண்ணாக் கேட்டா. மக ரெண்டு பக்கமும் சொல்லிக்கிட்டே இருந்தா. நான் பக்கத்துலதான் நிக்கேன் தாயி. எங்கயோ பெறந்தவ, பேரு வாயில நுழையாத ஊர்க்காரி, என் சம்பந்திக்குக் கேதம் கேக்கா. நான் பெட்டிக் கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு நிக்கேன். எனக்குக் கோவமா வந்துச்சு. யார் மேலன்னு கேட்டா சொல்லத் தெரியாது.

பொட்டணத்த ஆவுடையம்மா வாங்கிக்கிட்டா. சோள மாவுல ஏதோ சுருட்டி அவிச்சிருந்தா. கேத வீட்டுச் சாப்பாட்ட வாங்கலாமான்னு நான் மக கிட்டதான் கேட்டேன்.

கப்பல்ல ஏறியாச்சு. மேல போனா பாட்டும் கூத்துமா இருக்கு. ஒருத்தன் கொட்டடிக்கான், எல்லாரும் கைய ஆட்டுதாக. மக, "வாங்க, ரூம்ப காட்டுதேன்" னா. நான் நின்னுட்டேன். கேதம் கேட்டுட்டு வந்து தலை முழுகாம எப்படி வீட்டுக்குள்ள போக? வாசல்லயே தண்ணி ஊத்திக்கிட்டுத்தான் உள்ள நுழையணும். பச்சப்பிள்ளை வாரப்போற வயிறு வேற பக்கத்துல நிக்கி. சுத்திப் பாத்தேன். அங்கயே ஒரு நீச்சல் குளம் கெடந்துச்சு. அரைக் கால்சட்டையில ஆளுக மெதந்துக்கிட்டு இருக்காக.

படியில எறங்கினேன், பட்டுச் சேலையோட. மூக்கப் புடிச்சு மூணு முங்கு போட்டேன். காவலுக்கு நின்னவன் விசில் ஊதினான். ஊதட்டும். தலையத் தூக்குனா, பக்கத்துல தொபுக்குனு சத்தம். ஆவுடையம்மா. அவளும் சேலையோட எறங்கிட்டா. அவளும் மூணு முங்கு. முகத்துத் தண்ணிய வழிச்சு விட்டுட்டு, ரெண்டு வருசத்துல முதத் தடவையா, மக வழியா இல்லாம, என் முகத்தப் பாத்துக் கேட்டா.

"யாருக்குக் கேதம் கேட்டுட்டு வந்து முழுகுத செண்பகம்?"

"அந்த வீட்டுக் கூரைக்கு" ன்னேன். "வேற யாருக்கு."

"கூரைக்குக் கேட்டா யாரும் தலை முழுக மாட்டாக. ஓடு ஒடைஞ்சா தீட்டா? மனுசருக்குக் கேட்டாத்தான் முழுகணும்."

முறைய அவ சரியாத்தான் சொல்லுதா. முறை பேசுறவகிட்ட முறையவே எடுத்துக் காட்டினா என்ன செய்ய? ஆனா நானும் விடுவேனா. "நீங்க ஆள் விட்டுச் சொல்லியிருந்தா நான் அன்னைக்கே வந்து முழுகியிருப்பேன்" ன்னேன்.

தண்ணிக்குள்ள சேலை விரிஞ்சு மெதக்குது, அத கையால அமுக்கிக்கிட்டே அவ சொன்னா. "எம்மகன் அமெரிக்காவுல. எங்க வீட்ல எதுக்குன்னாலும் கிளம்பிப் போயிச் சொல்லிட்டு வாரது என் வீட்டுக்காரருதான். அவரையே கட்டில்ல கெடத்திருந்துச்சு. நான் யார அனுப்ப செண்பகம்?"

இத எனக்கு ஒரு தடவ கூட நினைக்கத் தோணல தாயி. ரெண்டு வருசமா ஆள் வரலை, ஆள் வரலைன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன். எங்க வீட்டு மனுசர்கிட்டச் சொன்னேன், எதிர்வீட்டுக்காரிகிட்டச் சொன்னேன், பால்காரன்கிட்டக் கூடச் சொன்னேன். அந்த வீட்ல அனுப்ப ஆளே இல்லன்னு ஒருத்தரும் எனக்குச் சொல்லலியே. சொல்லியிருக்கலாம்ல. அண்ணாச்சி செருப்பக் கழட்டிக்கிட்டே காப்பி கேக்குற சத்தம் அப்பக் காதுல கேட்டுச்சு. மதினின்னு கூப்பிட்டேன். அழுகைதான் வந்துச்சு. அவ தோளப் புடிச்சேன். இந்தத் தடவ நான்தான் புடிச்சேன், அத ஒத்துக்கிடுதேன். கொட்டுக்காரன் பாட்டுக்குக் கொட்டடிக்கான், நாங்க குளத்துல நின்னு அழுதோம். தண்ணி விளையாடுதாகன்னு நினைச்சு ஒரு வெள்ளைக்காரக் கிழவரு எங்களப் பாத்துக் கையத் தட்டினாரு.

மக கரையில நின்னு பாத்தா. வயித்தப் புடிச்சுக்கிட்டு நிக்கா, அழுதாளா சிரிச்சாளா தெரியல. "ரெண்டு பேரும் வெளிய வாங்க, சளி புடிச்சுக்கிட்டா பிரசவத்துக்கு யாரு வாரது" ன்னா. அப்படித்தான் சொன்னா. வாரதுன்னு. எனக்கு அது போதும்.

மார்கழியில திரும்பப் போறோம். உரை மருந்து நான் உரசுறேன், பிள்ளையக் குளிப்பாட்டுறது ஆவுடையம்மான்னு கப்பல்லயே பேசி முடிச்சாச்சு. தாலாட்டுல மட்டும் இன்னும் தகராறு இருக்கு. அவ நல்லா இழுப்பான்னு சொன்னேன்ல, அதுக்காக எல்லாத்தையும் அவளே பாடுறதா?

சாத்தூர் வந்துருச்சா? பேசிக்கிட்டே இருந்துட்டேன். பைய எடுத்துக்க, கொடைய மறந்துறாத. ஒண்ணு செய்வியா தாயி. பின்னால மூணாவது சீட்ல ஊதாச் சேலை, வாயத் தொறந்து தூங்குதா பாரு. பஸ்ஸுல எங்க ரெண்டு பேருக்கும் சேந்து எடம் கெடைக்கல, நான் ஓடி வந்து இதப் புடிச்சுட்டேன், அவ பின்னால போயிட்டா. போற போக்குல தட்டி எழுப்பி, முன்னால ஒரு சீட்டு காலியா இருக்குன்னு சொல்லு. ஜன்னலோரம்னு சொல்லு. நான் கூப்பிட்டேன்னு மட்டும் சொல்லிறாத.